பாரிசவாதம் வந்த மூளையை நம் உடம்பே தாக்காமல் பழக்க முடியுமா?

மஸ்கெலியாக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். 2025 மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூன்று பேருக்கும் கிடைத்ததிலிருந்து இந்த நோயெதிர்ப்புச் சகிப்பு விஷயத்தைத் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். நம்முடைய நோயெதிர்ப்பு நம்மையே தாக்காமல் பார்த்துக்கொள்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் அந்தப் பரிசு. வாசித்துக்கொண்டு போகும்போது ஓரிடத்தில், பாரிசவாதத்தில் (ஸ்ட்ரோக்) மூளை கெட்டுப்போவதைக் குறைக்கவும் இதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், எலிக்கு வாயாலும் மூக்காலும் ஒரு புரதத்தைக் கொடுத்ததில் சேதம் குறைந்தது என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை.

சும்மா ஆர்வத்தில் கேட்கவில்லை. அப்பாவுக்கு பிரஷர், சீனி இரண்டும் உண்டு. போன வருடம் ஒரு காலையில் வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை நழுவி விழுந்தது. அரை மணிக்குள் தானாகவே சரியாகிவிட்டது, அவரும் வேலைக்குக் கிளம்பப் பார்த்தார். அது சின்ன அடைப்பு, பெரியது வரலாம் என்பதற்கு எச்சரிக்கை என்று டொக்டர் சொன்னார். எங்கள் தோட்டத்து டிவிஷனிலிருந்து தார் ரோட்டுக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் பிடிக்கும், மழை என்றால் கேட்கவே வேண்டாம். அடைப்பு வந்த பிறகு ஓடுவதை விட, வருவதற்கு முன்பே மூளையைப் பத்திரப்படுத்தி வைக்கிற வழி உண்மையிலேயே இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டசம்பல்:

எலிக்குச் சுகமாகாத நோய் இந்த உலகத்தில் இல்லை, மனுசனுக்குத்தான் ஒன்றும் சரிவருவதில்லை. சரி சரி, யாராவது விஷயம் தெரிந்தவர் தொடங்குங்கள், வாசிக்க நான் தயார்.

ஆய்வுகூடத்து எலி:

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, வந்துவிட்டேன். நான் டொக்டர் இல்லை, பேராதனையில் நோயெதிர்ப்பியல் பக்கம் படித்துவிட்டு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன் அண்ணன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் நடுவில் இருக்கும் பகுதி சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றி ஒரு பகுதி குற்றுயிராகக் கிடக்கும், ரத்தம் சீக்கிரம் திரும்பினால் பிழைத்துக்கொள்ளும். அவசர சிகிச்சை எல்லாம் அந்தச் சுற்றுப்பகுதிக்காகத்தான். பெரிய குழாய் அடைபட்டு சிகிச்சை இல்லாமல் கிடந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006இல் சேவர் என்ற அமெரிக்க வைத்தியர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அடைப்பைத் திறந்தாலும் விஷயம் அங்கே முடிவதில்லை. உடைந்த செல்கள் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே கொட்டும், மூளையிலேயே இருக்கும் மைக்ரோக்லியா என்ற காவல் செல்கள் உசாராகும், ரத்தக்குழாயின் உட்சுவரில் ஈ-செலக்டின், ஐகேம்-1 மாதிரியான ஒட்டுப்புரதங்கள் எழும்பும், போகிற வருகிற வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி மூளைக்குள் இறங்கும். முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள், அப்புறம் நாட்கணக்கில் டி செல்கள். இவை குப்பையை அள்ளவும் செய்யும், பிழைக்கக்கூடிய பகுதியைச் சேர்த்துக் கெடுக்கவும் செய்யும். இதற்கிடையில் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு கசிந்து, மூளைக்குள் மட்டுமே இருக்க வேண்டிய புரதங்கள் வெளியே வந்துவிடுகின்றன. 2012இல் பார்சிலோனாவில் பாரிசவாத நோயாளிகளின் டொன்சிலிலும் கழுத்து நிணநீர்க் கணுக்களிலும் மூளைப் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் ஆளை அடையாளம் பிடிக்கிற இடத்துக்கே அவை போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இப்போது எலிக் கதை. 1997இல் அமெரிக்காவில் கைரா பெக்கரும் ஜான் ஹாலன்பெக்கும் இன்னும் சிலரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் உறையில் மயலின் பேசிக் புரோட்டீன் என்று ஒரு புரதம் உண்டு. அதை எலிகளுக்கு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக வாயால் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்துக்கு முட்டை வெள்ளைக்கருப் புரதம். அப்புறம் எல்லா எலிகளுக்கும் நடு மூளைத் தமனியை அடைத்துத் திறந்தார்கள். மயலின் தின்ற எலிகளின் மூளையில் செத்த பகுதி சின்னதாக இருந்தது. பிறகு அந்த மாதிரி பழக்கிய எலியின் மண்ணீரல் செல்களை எடுத்து, ஒன்றுமே தின்னாத எலிக்கு ஏற்றிப் பார்த்தார்கள், அதற்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஆக வேலை செய்வது அந்தச் செல்கள்தான்.

ஏன் வாய் என்று கேட்பீர்கள். வாய்வழி வரும் புரதத்தோடு சண்டைக்குப் போகாமல் விடுவதுதான் உடம்பின் வழக்கம், இல்லாவிட்டால் பருப்புக்கும் ரொட்டிக்கும் தினமும் தடித்துப்போய்க் கிடப்போம். மூக்கின் உட்தோலும் அப்படித்தான். 1911இலேயே வெல்ஸ் என்பவர் கினிப்பன்றிகளில் இதைப் பார்த்துவிட்டார்: ஒரு புரதத்தை முதலில் தீனியாகக் கொடுத்துப் பழக்கினால், பிறகு அதையே ஊசியில் ஏற்றும்போது ஒவ்வாமை அதிர்ச்சி வரவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான். அப்படிப் பழகிய டி செல் மயலினை மட்டும்தான் அடையாளம் காணும். ஆனால் சேதமான இடத்தில் மயலினைக் கண்டதும் அது டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற பொருளைச் சுரக்கும். அந்தப் பொருள் பக்கத்தில் இருக்கும் எல்லாச் செல்களையும் அடக்கும், அவை எதற்காகக் கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி. லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டையை விலக்க வந்த பெரியவர் போட்ட சத்தத்தில் பக்கத்து இரண்டு வீட்டுச் சண்டையும் அடங்குமே, அந்த மாதிரி. அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.

இதே யோசனையை ஹாலன்பெக் குழு அப்புறம் ஈ-செலக்டினுக்குக் கொண்டுபோனது. ரத்தக்குழாயில் அழற்சி வரும்போது மட்டும் தலைகாட்டும் புரதம் அது. பிரஷர் ஏறித் தானாகவே பாரிசவாதம் வரும்படி வளர்த்தெடுத்த ஒரு எலி இனம் இருக்கிறது, அதன் மூக்கில் ஈ-செலக்டினைத் திரும்பத் திரும்ப விட்டார்கள். 2002இல் முடிவு வந்தது. அடைப்பும் குறைந்தது, மூளைக்குள் ரத்தம் கசிவதும் குறைந்தது.

தலவாக்கலை தங்கம்:

தம்பி நல்லா விளங்கும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 1997 என்கிறீர்களே, அப்போது என் மூத்த மகள் பிறக்கவே இல்லை, இப்போது அவளுக்கே கைக்குழந்தை. இவ்வளவு காலமாக ஏன் ஒரு மருந்தும் வரவில்லை?

கட்டசம்பல்:

அதை விடுங்கள் அக்கா, எனக்கு வேறு சந்தேகம். நரம்பு உறைப் புரதத்தைத் தின்றால் மூளைக்குப் பாதுகாப்பு என்றால், ஆட்டு மூளை வறுவல் தின்கிறவனுக்குப் பாரிசவாதமே வரக்கூடாதே? எங்கள் மாமா வாராவாரம் தின்றார், அவருக்குத்தான் முதலில் கை இழுத்தது.

ஆய்வுகூடத்து எலி:

சிரிக்க எழுதினாலும் கேள்வி சரியான கேள்விதான், இதைப் பெரிய பெரிய ஆட்களே மனிதர்களில் செய்து பார்த்தார்கள். பாரிசவாதத்துக்கு இல்லை, உடம்பு தன் நரம்பு உறையையே தின்கிற மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கு. ஹார்வர்டில் ஹோவர்ட் வைனர் என்பவரின் யோசனை. மாட்டு மயலினைக் குளிசையாக அடைத்து 500 பேருக்கு மேல் சேர்த்துப் பெரிய பரிசோதனை நடத்தினார்கள். 1997இல் முடிவு வந்தபோது, மயலின் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் குளிசை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதே வருடம்தான் பெக்கரின் எலி முடிவும் வெளிவந்தது என்பது ஒரு வேடிக்கை.

வாய்வழிப் பழக்கத்தில் அளவுதான் எல்லாம். கொஞ்சமாகக் கொடுத்தால் அடக்குகிற செல்கள் உருவாகும், அதிகம் கொடுத்தால் அந்தப் புரதத்தை அடையாளம் காணும் செல்களே ஓய்ந்துபோகும் அல்லது அழிந்துபோகும். பக்கத்துச் சண்டையை அடக்குகிற வேலைக்கு முதல் வகைதான் வேண்டும். வறுவலில் அளவும் தெரியாது, சட்டிச் சூட்டில் புரதம் என்ன ஆனது என்றும் தெரியாது, கொலஸ்ட்ரோல் மட்டும் கண்டிப்பாக உள்ளே போகும். மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கம் அக்காவுக்கு: இன்றைக்கு வரைக்கும் இந்த வழியில் பாரிசவாதத்துக்கு ஒரு சிகிச்சையும் வரவில்லை என்பது உண்மை. முதல் காரணம், பழக்குவதற்கு நாள் எடுக்கும். அடைப்பு வந்த பிறகு மூக்கில் விட்டால் அந்தச் செல்கள் தயாராகிப் போய்ச் சேர்வதற்குள் முதல் சுற்றுச் சேதம் முடிந்துவிடும். அதனால் யாருக்கு வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நோயெதிர்ப்பை முரட்டுத்தனமாகத் தடுக்கப் போன மருந்துகள் மனிதரில் மோசமான அனுபவம் கொடுத்திருக்கின்றன. நான் சொன்ன ஐகேம்-1 ஒட்டுப்புரதத்தை மறிக்க எலியில் தயாரித்த ஒரு எதிர்ப்பொருளை, என்லிமோமாப் என்று பெயர், 625 பாரிசவாத நோயாளிகள் சேர்ந்த பரிசோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு: மருந்து கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களை விட மோசமானார்கள், காய்ச்சலும் தொற்றும் கூடியது. நடலிசுமாப் என்ற இன்னொன்று, டி செல் மூளைக்குள் நுழைவதைத் தடுப்பது, இரண்டு பரிசோதனைகளிலும் எதிர்பார்த்த பலன் கொடுக்கவில்லை. சகிப்பு வழி இதிலிருந்து வேறு, அது நோயெதிர்ப்பை அணைப்பதில்லை, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அடக்குகிறது. ஆனால் ஒரு துறையில் இப்படி அடிபட்ட பிறகு காசு போடுகிறவர்கள் பின்வாங்குவது வழக்கம்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாத காரணம். பெக்கர் பிறகு செய்த பரிசோதனைகளில், பாரிசவாதம் வரவைக்கும் நேரத்திலேயே பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் எல்பிஎஸ் என்ற பொருளையும் எலிக்கு ஏற்றினார்கள். உடம்பில் கிருமித் தொற்று இருப்பது போன்ற நிலையை உண்டாக்கத்தான். அப்போது நோயெதிர்ப்பு அடங்குவதற்குப் பதிலாக மூளைப் புரதங்களுக்கு எதிராகவே திரும்பியது, அந்த எலிகள் மோசமாகத் தேறின. மனிதரிலும் 2011இல் அவர்களே காட்டினார்கள்: நிமோனியா வந்த பாரிசவாத நோயாளிகளில் மயலினுக்கு எதிரான தாக்குதல் குணமுள்ள டி செல்கள் அதிகம், அப்படி இருந்தவர்கள் மூன்று மாதத்தில் தேறியதும் குறைவு. ஆக, மூளை உடையும் அந்த நாட்களில் உடம்பில் வேறு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நோயெதிர்ப்பு எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்கிறது போல.

ஊவாத் தென்றல்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், கடைசிப் பத்தியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வாட்டில் வேலை செய்கிற நர்ஸ். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன்.

பாரிசவாத நோயாளியைத் தோட்டத்திலிருந்து கொண்டுவரும்போது பாதிப் பேருக்கு மேற்சட்டை நனைந்திருக்கும். மயங்கிவிட்டார் என்று யாராவது பதறிப்போய் தேத்தண்ணி ஊற்றியிருப்பார்கள், அல்லது சீனித்தண்ணி. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிற ஆளுக்குத் தொண்டையும் சரியாக மூடாது. ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பேசுவார், கை அசைப்பார், வீட்டுக்காரர்கள் சந்தோசப்படுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் ஏறும், சளி கட்டும், மூச்சு வாங்கும், பேச்சு நின்றுபோகும். "வந்தபோது நல்லாத்தானே இருந்தார் மிஸ், இங்கே வந்துதான் மோசமாயிட்டார்" என்று எங்களிடம் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். அந்த எலிப் பரிசோதனையில் ஊசியில் ஏற்றியதை நாம் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் 19 பாரிசவாதப் பிரிவுகளில் நடந்த ஒரு ஆய்வு 2011இல் வெளிவந்தது. புது மருந்து ஒன்றுமே இல்லை. முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சலை விடாமல் பார்த்து உடனே குறைப்பது, ரத்தச் சீனியைப் பார்த்து இறக்குவது, விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாயில் ஒன்றும் கொடுக்காமல் இருப்பது. மூன்றையும் நர்ஸ்மார் ஒழுங்காகச் செய்த இடங்களில் 90 நாளில் இறந்தவர்கள் அல்லது அடுத்தவர் துணையில்லாமல் இருக்க முடியாதவர்கள் 42 வீதம், மற்ற இடங்களில் 58 வீதம். எங்கள் வேலையைப் பற்றி யாரும் நோபல் கொடுக்கமாட்டார்கள், ஆனால் இவ்வளவு வித்தியாசம் காட்டிய மருந்துகள் எத்தனை இருக்கின்றன என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆய்வுகூடத்து எலி:

அக்கா, அந்த ஆய்வு எனக்கும் தெரியும், மறுப்பே இல்லை. ஒன்றே ஒன்று. அங்கே கிடைத்த பலன் நோயெதிர்ப்பு சாந்தமானதால் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. காய்ச்சலும் சீனியும் வேறு வழியிலும் நேரடியாக மூளையைக் கெடுக்கும். இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டால் நாளைக்கு யாராவது "அப்படியானால் எல்லாருக்கும் முதல் நாளே அன்டிபயோட்டிக் போடு, தொற்று வராது, மூளை பிழைக்கும்" என்று சொல்வார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. நெதர்லாந்தில் 2,500 பேருக்கு மேல் சேர்த்து செஃப்ட்ரையாக்சோன் போட்டுப் பார்த்தார்கள். 2015 முடிவில், சிறுநீர்த் தொற்று குறைந்தது, ஆட்கள் தேறுவதில் மாற்றமே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாரிசவாதம் வந்ததும் உடம்பே தன் நோயெதிர்ப்பைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறது, எலிகளில் மண்ணீரலே சுருங்கிப்போகிறது. நோயெதிர்ப்பு இறங்குவதைப் பெர்லினில் 2003இல் காட்டினார்கள், ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்பு மண்டலம் மிதமிஞ்சி வேலை செய்வதால் வரும் விளைவு. மூளைப் புரதம் வெளியே கொட்டிக் கிடக்கும்போது தாக்காமல் இருக்க உடம்பு எடுக்கும் முன்னேற்பாடாகவும் அது இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதற்கு விலை நிமோனியா. நிமோனியா வந்தால் தாக்குதல் திரும்பவும் கிளம்பும். சுற்றிச் சுற்றி வருகிறது பாருங்கள்.

ஊவாத் தென்றல்:

நிரூபித்ததா இல்லையா என்பது உங்கள் ஆய்வுகூடத்துப் பிரச்சினை தம்பி. எங்கள் வாட்டில் எது காரணமாக இருந்தாலும் தேத்தண்ணி ஊற்றக்கூடாது. 🙂

பழைய கணக்கப்பிள்ளை:

பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரிதான் எங்களுக்கு எல்லாமே, அங்கே இருந்தவரை டொக்டர் ஐயா என்றுதான் சொல்லுவோம். பாரிசவாதம் என்றால் எண்ணெய் தேய்த்து, கம்பளியில் சுற்றி, கிடத்திவிடுவார்கள். கிடந்தவர் கிடந்தவர்தான். இப்போது வட்ஸ்அப்பில் விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது, என் பேரனே எனக்கு அனுப்பினான். அது உண்மையா? வீட்டில் அஸ்பிரின் இருந்தால் உடனே கொடுக்கலாமா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

ஊவாத் தென்றல்:

ஐயா, ஊசி குத்துவது பச்சைப் பொய், அந்த நேரத்தில் வண்டியைக் கூப்பிடலாம். அஸ்பிரினும் வீட்டில் கொடுக்க வேண்டாம். அடைப்பா கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சீ.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் அஸ்பிரின் கெடுதல். அதோடு விழுங்கும் பிரச்சினையும் இருக்கிறது, குளிசையும் தண்ணியும் அதே வழியில்தான் போகும்.

முகம் கோணுவது, கை தூக்கினால் கீழே விழுவது, பேச்சு குழறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கள். கடைசியாக அவரை நல்லபடி பார்த்தது எத்தனை மணிக்கு என்பதை மறக்காமல் சொல்லுங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு, எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும், அதனால் நேரத்தை லயத்திலேயே தொலைக்கக்கூடாது.

தலவாக்கலை தங்கம்:

அம்மாவுக்கு வந்து கை கால் ஓரளவு தேறிவிட்டது. நடக்கிறார், பூ கட்டுகிறார். ஆனால் பல மாதம் கழித்து ஞாபகம் மங்கத் தொடங்கியது. அடுப்பில் வைத்ததை மறப்பது, பக்கத்து வீட்டுக்காரியை என் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. வயது என்கிறார்கள். அதற்கும் இந்த நோயெதிர்ப்புக்கும் தொடர்பு இருக்குமா தம்பி?

ஆய்வுகூடத்து எலி:

இருக்கலாம் அக்கா. ஸ்டான்ஃபோர்டில் டோயில், பக்வால்டர் என்ற இருவரின் குழு 2015இல் எலிகளில் ஒன்று காட்டியது. பாரிசவாதம் வந்து பல வாரம் கழித்து, செத்த இடத்துக்குள் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து கூட்டமாகக் குடியேறுகின்றன, எதிர்ப்பொருள் சுரக்கின்றன. ஆரம்பத்தில் நன்றாக இருந்த எலிகளுக்கு அப்புறம்தான் ஞாபகம் குறைகிறது. பி செல் இல்லாத எலிகளுக்கு அந்தக் குறை வரவில்லை. மனிதரில் ஞாபகம் மங்குவதற்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அடைப்புகள், தைரொய்ட், மனச்சோர்வு, விட்டமின் குறைவு. இவற்றில் சிலவற்றைச் சரிசெய்யலாம், அதனால் வயது என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்கு இதில் ஒரு நம்பிக்கை உண்டு. முதல் நாள் சேதத்துக்குச் சகிப்பு நேரத்துக்கு வந்து சேராது என்றேன். ஆனால் வாரக்கணக்கில் நடக்கிற இந்தச் சேதத்துக்கு, பாரிசவாதம் வந்த பிறகு பழக்கத் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. நான் ஆராய்ச்சிக் காசை வைத்திருந்தால் அங்கேதான் போடுவேன்.

மஸ்கெலியாக்காரன்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இன்னும் ஒன்று மட்டும். நோபல் வாங்கிய அந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களையே நேராக உடம்பில் பெருக்கிவிட்டால் என்ன? ஒவ்வொரு புரதமாகப் பழக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லையே. அதோடு, அப்பா மாதிரி ஒரு எச்சரிக்கை வந்து தப்பியவர்கள்தானே முன்பே தெரிந்த ஆட்கள்? அவர்களுக்கே கொடுத்துப் பார்க்கலாமே?

ஆய்வுகூடத்து எலி:

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஆமாம், அவர்கள்தான் சரியான ஆட்கள். ஈ-செலக்டினை மூக்கில் விடும் யோசனையே ஒருமுறை வந்து தப்பியவர்களை மனதில் வைத்துத்தான் பேசப்பட்டது. ஆனால் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், பலனைக் காட்ட ஆயிரக்கணக்கான ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும், அதற்குள் பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின், அஸ்பிரின் சேர்ந்து செய்கிற வேலையை விட இது கூடுதலாகச் செய்கிறது என்று நிரூபிக்க வேண்டும். லேசில் முடியாது.

முதல் கேள்வி ஆபத்தானது. 2009இல் லீஸ் என்பவரின் குழு ஜெர்மனியில், அந்தச் செல்களை நீக்கிய எலிகளுக்குச் சேதம் கூடியது என்று காட்டியது. 2013இல் இன்னொரு ஜெர்மன் குழு நேர் எதிராக, முதல் நாளில் அதே செல்கள் நுண்குழாய்களில் ரத்தம் உறைய உதவிச் சேதத்தைக் கூட்டுகின்றன என்றது. எந்த நேரம், எந்த மாதிரி அடைப்பு என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கலாம் போலிருக்கிறது. மனிதரில் பெருக்கப் போன கதையும் ஒன்று உண்டு. 2006இல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு வாலிபர்களுக்குக் கொடுத்தார்கள். எலிகளில் அதே மாதிரியான மருந்து ஒழுங்குபடுத்தும் செல்களைப் பெருக்கியது, குரங்குகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு பேரும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழந்து அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள், உயிர் பிழைத்தது பெரிய விஷயம். மனிதரில் சண்டைக்கார டி செல்களையும் அது சேர்த்துக் கிளப்பிவிட்டது.

கட்டசம்பல்:

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். எலியிடம் கேட்காதீர்கள். (உங்களைச் சொல்லவில்லை தம்பி.)

பழைய கணக்கப்பிள்ளை:

மஸ்கெலியாத் தம்பி, அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? கேட்கக் காரணம் இருக்கிறது. கிளினிக் நாள் வந்தால் அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். காலையில் போனால் மருந்து வாங்கி வர மத்தியானம் தாண்டும், அரைப் பேர் கூடக் கிடைக்காது. அதனால் பலர் ஒரு மாத மாத்திரையை ஒன்று விட்டு ஒரு நாள் போட்டு இரண்டு மாதத்துக்கு இழுப்பார்கள். தலைச்சுற்று இல்லையென்றால் பிரஷர் இல்லை என்று அவர்கள் கணக்கு. நான் பேர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். மூக்கில் விடும் மருந்து நாளைக்கே வந்தாலும் அதையும் இப்படித்தான் இழுப்பார்கள்.

மஸ்கெலியாக்காரன்:

ஐயா, நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். நேற்று கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன், முடிந்திருக்க வேண்டிய மாத்திரை பாதி டப்பாவில் கிடக்கிறது. கேட்டால், உடம்பு நல்லாத்தானே இருக்கிறது என்கிறார். இந்த முறை நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஸ்டேட்டின் பற்றியும் கேட்கிறேன். கீழே ஜீப் வைத்திருக்கிறவரின் நம்பரையும் சுவரில் எழுதி ஒட்டியாகிவிட்டது.

தென்றல் அக்கா, வண்டி வரும் வரைக்கும் அவரைத் தட்டையாகப் படுக்க வைப்பதா, தலையை உயர்த்துவதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஊவாத் தென்றல்:

அதை வைத்து 11,000 பேருக்கு மேல் ஒரு பெரிய ஆய்வே நடந்தது, 2017இல் முடிவு வந்தது, ஒன்பது நாடுகள், இலங்கையும் அதில் ஒன்று. ஆஸ்பத்திரியில் தட்டையாகப் படுக்க வைத்தவர்களுக்கும் தலையை உயர்த்தி வைத்தவர்களுக்கும் தேறுவதில் வித்தியாசமில்லை, நிமோனியாவிலும் வித்தியாசமில்லை. ஆகவே அதற்காகச் சண்டை போட வேண்டாம். வாந்தி வந்தாலோ மயக்கமாக இருந்தாலோ ஒருக்களித்துக் கிடத்துங்கள், பல் செட் கட்டியிருந்தால் கழற்றுங்கள். ஜீப்பில் அவர் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் உட்கார வேண்டும், அந்த ரோட்டு வளைவில் உருண்டு விழுந்துவிடுவார். கொப்பியையும் மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.